தோள்பட்டை எம்ஆர்ஐயில் ரொட்டேட்டர் கஃப் கிழிசல்: படிப்பதும் ரிப்போர்ட் எழுதுவதும் – முழுமையான வழிகாட்டி

தோள்பட்டை எம்ஆர்ஐ ஒன்றைக் கையில் கொடுத்தால், புதிதாக வந்த ரெசிடென்ட் முதலில் கரோனல் படங்களை உருட்டி, சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் வெள்ளை தெரிகிறதா என்று தேடுவார். தெரிந்துவிட்டால் ‘முழுத் தடிமன் கிழிசல்’ என்று எழுதுவார். மற்ற வரிகள் டெம்ப்ளேட்டில் இருந்தபடியே போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஆர்த்தோவிலிருந்து போன் வரும். கிழிந்த நுனி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது? தசை எப்படி இருக்கிறது? சப்ஸ்கேப் (சப்ஸ்கேப்புலாரிஸ் தசை) பார்த்தீர்களா? மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் பதில் இருக்காது.

கிழிசலைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் பாதிதான். அதைத் தைக்க முடியுமா, தைத்தால் நிற்குமா என்று அறுவை சிகிச்சை நிபுணர் முடிவு செய்ய உதவுவது மீதிப் பாதி. கீழே இருக்கும் வரிசை அந்த மீதிப் பாதிக்காக அமைத்தது. எல்லாரும் முதலில் பார்க்கும் சுப்ராஸ்பினேட்டஸ் இதில் ஐந்தாவதாகத்தான் வரும்.

ரேடியாலஜி படிப்பவர்களையும், தங்கள் நோயாளியின் படத்தைத் தாங்களே பார்க்க நினைக்கும் ஆர்த்தோ பிஜிக்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். டி1, டி2, ஃபேட் சாட் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

1. படத்தைத் திறக்கும் முன் தேவையானவை

தோள் மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் சேர்ந்ததே ரொட்டேட்டர் கஃப். அந்த நான்கும் எங்கே ஒட்டுகின்றன என்பது புத்தகம் பார்க்காமல் வர வேண்டும். ஹியூமரஸின் (மேற்கை எலும்பின்) பெரிய முண்டில் மூன்று முகப்புகள் உண்டு. மேல் முகப்பிலும் நடு முகப்பின் முன்பகுதியிலும் சுப்ராஸ்பினேட்டஸ், நடு முகப்பில் இன்ஃப்ராஸ்பினேட்டஸ், கீழ் முகப்பில் டெரிஸ் மைனர். சப்ஸ்கேப்புலாரிஸ் மட்டும் முன்னால் சிறிய முண்டில் ஒட்டும். இரண்டு முண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் பைசெப்ஸின் நீண்ட தலை இறங்கும்.

சுப்ராஸ்பினேட்டஸும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் ஒட்டுமிடத்துக்கு அருகில் ஒன்றோடொன்று பின்னிவிடும். எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. ஆகவே எல்லைப் பகுதியில் கிழிசல் இருந்தால் ‘பின் சுப்ராஸ்பினேட்டஸ் – முன் இன்ஃப்ராஸ்பினேட்டஸ்’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்தது எக்ஸ்ரே. தசைநாணில் படியும் கால்சியம் எம்ஆர்ஐயில் எல்லா சீக்வென்ஸிலும் கறுப்பு, தசைநாணும் கறுப்பு. ஒரு சென்டிமீட்டர் கால்சியக் கட்டிகூட கண்ணில் படாமல் போகும். எக்ஸ்ரேயில் அது ஒரே பார்வையில் தெரியும். எக்ஸ்ரே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவதாக, நோயாளியின் கதை. வயது, எந்தக் கை, விழுந்தாரா, வலி எத்தனை நாளாக, ஏற்கெனவே ஆபரேஷன் நடந்திருக்கிறதா. இவற்றோடு அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று: கடந்த சில நாட்களில் தோளில் ஊசி போட்டார்களா? போட்டிருந்தால் பர்சாவிலும் (கஃப்புக்கு மேலே இருக்கும் நீர்ப்பை) சுற்றியுள்ள திசுவிலும் தெரியும் நீர் அந்த ஊசியின் விளைவாக இருக்கலாம். கோரிக்கைச் சீட்டில் ‘தோள்வலி’ என்று மட்டும்தான் இருக்கும். டெக்னீஷியனிடம் சொல்லி வைத்தால் நோயாளி படுக்கும்போதே இதைக் கேட்டு எழுதிவிடுவார்.

2. படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்

தவறாக எடுத்த படம் இல்லாத கிழிசலைக் காட்டும், இருப்பதை மறைக்கும். அதனால் நோயைத் தேடும் முன் நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? ஆக்ஸியலில் பைசெப்ஸ் பள்ளத்தைப் பாருங்கள். அது முன்னோக்கியோ சற்று வெளிப்பக்கமாகவோ இருந்தால் நல்லது. உடலின் நடுப்பக்கம் திரும்பியிருந்தால் கை உட்புறமாகச் சுழன்ற நிலையில் படம் எடுத்திருக்கிறார்கள். அப்போது கரோனலில் சுப்ராஸ்பினேட்டஸும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நடுவில் சாம்பல் நிறம் தெரியும். அதைத் தசைநாண் நோய் என்று எழுதுபவர்கள் நிறைய. நோயாளி கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்தால் இப்படி ஆகும். மூச்சு விடும்போது கையும் சேர்ந்து அசைந்து படம் கலங்குவது கூடுதல் தொல்லை. கையைப் பக்கவாட்டில், உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி அல்லது மேலே பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள்.

கரோனல் எந்தக் கோணத்தில் போடப்பட்டிருக்கிறது? சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணின் நீளவாக்கில் இருக்க வேண்டும். சஜிட்டல் அதற்குச் செங்குத்தாக.

சஜிட்டல் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது? ஸ்கேப்புலா (தோள்பட்டை எலும்பு) ‘ஒய்’ எழுத்து வடிவில் தெரியும் ஸ்லைஸைத் தாண்டிப் போக வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த பல சென்டர்களில் கிளீனாய்டோடு (ஸ்கேப்புலாவின் மூட்டுக் குழி) நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் தசையை மதிப்பிட வழியே இல்லை.

கடைசியாக ஃபேட் சாட். தோள் காந்தத்தின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதால் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடங்காது. பெரிய முண்டின் வெளிப்பக்கம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, டி1-இல் அங்கே ஒன்றுமே இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எடிமாவை (எலும்புக்குள் நீர்க்கோவை) அல்ல, ஃபேட் சாட்டை. கொழுப்பை வேறு முறையில் அடக்கும் டிக்சன் அல்லது ஸ்டிர் சீக்வென்ஸ் இருந்தால் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. தசையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் திறக்க வேண்டியது சஜிட்டல் டி1. ஃபேட் சாட் இல்லாத படமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாம் தேடுவதே கொழுப்பை. டி1 எடுக்கவில்லையென்றால் ஃபேட் சாட் இல்லாத வேறு சஜிட்டல் இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஏன் இதை முதலில்? தைக்க முடியுமா என்பதில் தசையின் நிலைக்குப் பெரிய பங்கு உண்டு. கடைசிக்கு வைத்தால் கிழிசலைக் கண்ட திருப்தியில் கை தானாக ரிப்போர்ட் பக்கம் போய்விடும்.

ஸ்கேப்புலாவின் ஸ்பைன் (பின்புறம் நீளும் எலும்பு மேடு), ஸ்கேப்புலாவின் உடல்பகுதியோடு வந்து சேரும் ஸ்லைஸ்களில் மிக வெளிப்புறமாக இருப்பதைக் கண்டுபிடியுங்கள். ஒய் வடிவம் அங்கே தெளிவாகத் தெரியும். அந்த ஸ்லைஸில் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, தசைக்குள் கொழுப்பு எவ்வளவு? கூட்டாலியே 1994-இல் சிடி ஸ்கேனுக்காக வகுத்த தரவரிசையை இன்று எம்ஆர்ஐக்கும் பயன்படுத்துகிறோம். கொழுப்பே இல்லையென்றால் 0. சில கோடுகள் மட்டும் என்றால் 1. தசையைவிடக் கொழுப்பு குறைவு என்றால் 2. இரண்டும் சமம் என்றால் 3. கொழுப்பு அதிகம் என்றால் 4. இரண்டா மூன்றா என்பதில்தான் குழப்பம் வரும். ஆனால் முடிவை மாற்றும் எல்லைக்கோடும் அங்கேதான் இருக்கிறது. மூன்றோ அதற்கு மேலோ போனால் தைத்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது, தைத்தாலும் தசை பழையபடி தேறுவதில்லை. சந்தேகம் இருந்தால் ‘2 முதல் 3’ என்று எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, தசை மெலிந்திருக்கிறதா? கொரக்காய்டின் (ஸ்கேப்புலாவிலிருந்து முன்னால் நீளும் கொக்கி) மேல் விளிம்பிலிருந்து ஸ்கேப்புலா ஸ்பைனின் மேல் விளிம்புக்கு ஒரு கோடு போடுங்கள். நல்ல நிலையில் உள்ள சுப்ராஸ்பினேட்டஸ் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே புடைத்திருக்கும். கோட்டுக்குக் கீழே அடங்கிவிட்டால் மெலிவு உண்டு. இதற்கு டேஞ்சன்ட் சைன் என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. தசைநாண் அறுந்து உள்வாங்கியிருந்தால் தசையின் பருத்த பகுதியும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும். வழக்கமான ஒய் ஸ்லைஸில் தெரிவது அதன் ஒல்லியான நுனிப்பகுதி. பார்ப்பதற்கு மெலிந்ததாகவும் கொழுப்பு ஏறியதாகவும் தோன்றும். இரண்டு மூன்று ஸ்லைஸ் உள்ளே போய்ப் பார்த்தால் தசை நன்றாகவே இருக்கலாம். உள்வாங்கல் அதிகமுள்ள எந்தக் கேஸிலும் ஒரே ஸ்லைஸை நம்பித் தரம் போடாதீர்கள்.

தசை மட்டும் கெட்டு, தசைநாண் நன்றாக இருந்தால் நரம்பை யோசிக்க வேண்டும். சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ் இரண்டும் என்றால் சுப்ராஸ்கேப்புலர் நரம்பை அதன் மேல் பள்ளத்தில் தேடுங்கள். இன்ஃப்ராஸ்பினேட்டஸ் மட்டும் என்றால் ஸ்பைனோகிளீனாய்டு பள்ளத்தில் லேப்ரம் (கிளீனாய்டைச் சுற்றியுள்ள விளிம்பு) ஓரத்து நீர்க்கட்டி இருக்கிறதா பாருங்கள். டெரிஸ் மைனர் மட்டும் என்றால் ஆக்ஸிலரி நரம்பு.

4. ஆக்ஸியலில் சப்ஸ்கேப்புலாரிஸும் பைசெப்ஸும்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது சப்ஸ்கேப்புலாரிஸ் கிழிசலைத்தான். கரோனலில் அது சரியாகத் தெரியாது. தெரியாததை யாரும் தேடுவதில்லை.

பைசெப்ஸிலிருந்து தொடங்குங்கள். பள்ளத்தில் கறுப்புப் புள்ளியாக இருக்க வேண்டும். பள்ளம் காலியாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள்: அறுந்து கீழே இறங்கியிருக்கும், அல்லது உள்பக்கமாக நழுவியிருக்கும். உள்பக்கம் நழுவி சப்ஸ்கேப்புலாரிஸுக்கு அடியில் போய்விட்ட பைசெப்ஸைப் பார்த்தால், சப்ஸ்கேப்புலாரிஸின் மேல் பகுதி கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே தேடலாம்.

சப்ஸ்கேப்புலாரிஸ் கிழிசல் வழக்கமாக மேல் விளிம்பில், மூட்டுப் பக்கத்தில் தொடங்கும். எனவே ஆக்ஸியலில் சிறிய முண்டு தெரியத் தொடங்கும் முதல் சில ஸ்லைஸ்களில் நிதானியுங்கள். எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் நீர் நுழைந்திருக்கிறதா? சிறிய முண்டு மொட்டையாகத் தெரிகிறதா? அப்புறம் அதே இடத்தைச் சஜிட்டலிலும் பாருங்கள், மேல் விளிம்பு அதில்தான் தெளிவு. சஜிட்டலில் இதன் தசைக்குள் பல கறுப்புப் பட்டைகள் தனித்தனியாகத் தெரிவது இயல்பு, இந்தத் தசைக்குத் தசைநாண் கிளைகள் பல. நடுவில் இருப்பது தசை, கிழிசல் அல்ல.

5. இப்போது சுப்ராஸ்பினேட்டஸும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும்

கரோனல் டி2 ஃபேட் சாட்டை எடுத்து, முன்னாலிருந்து பின்னால் வாருங்கள். திசையை மாற்றாதீர்கள். ஒரே திசையில் போனால்தான் எந்த ஸ்லைஸில் எது தெரிய வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகும்.

முதலில் பைசெப்ஸ் பள்ளம் தெரியும். அதற்கு அடுத்த ஒன்றிரண்டு ஸ்லைஸ்களில்தான் சுப்ராஸ்பினேட்டஸின் முன் ஓரம் வரும். இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மூட்டுப் பக்கத்தில், ஒட்டுமிடத்தின் உள் விளிம்பில், எலும்பை விட்டு இழைகள் பெயர்ந்து அந்த இடுக்கில் நீர் மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கலாம். மேலே பர்சா பக்கம் முழுதும் கறுப்பாக, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அடியில் எலும்பில் சின்னக் கட்டியோ எடிமாவோ இருக்கலாம். ரிம்-ரென்ட் கிழிசல் என்பது இதுதான். 3 மி.மீ. ஸ்லைஸ் என்றால் ஓரிரு படங்களில் மட்டும் தெரிந்து மறைந்துவிடும். வேகமாக உருட்டினால் போச்சு.

பின்னால் போகப் போக மேல் முகப்பு முடிந்து, சரிவான நடு முகப்பு வரும். அங்கிருந்து இன்ஃப்ராஸ்பினேட்டஸ்.

ஒவ்வொரு ஸ்லைஸிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெள்ளை எந்தப் பரப்பைத் தொடுகிறது? நீர் அளவுக்கு வெள்ளையாக இல்லாமல் சாம்பலாக, தசைநாண் சற்றே தடித்து இருந்தால் டெண்டினோசிஸ் (கிழியாத தசைநாண் நோய்). நீர் போல வெளுத்து மூட்டுப் பரப்பை மட்டும் தொட்டால் மூட்டுப் பக்கப் பகுதிக் கிழிசல். பர்சா பரப்பை மட்டும் தொட்டால் பர்சா பக்கம். இரண்டையும் தொடாமல் உள்ளேயே இருந்தால் இழைகளுக்கு இடையிலான கிழிசல். இது ஆர்த்தோஸ்கோப்பியில் மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது. ஆகவே நீங்கள் எழுதாவிட்டால் அறுவை சிகிச்சை நிபுணருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இரண்டு பரப்பையும் தொட்டால் முழுத் தடிமன்.

முழுத் தடிமன் என்பது மேலிருந்து கீழ்வரை துளை இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 5 மி.மீ. ஓட்டையும் முழுத் தடிமன்தான். முன் ஓரத்திலிருந்து பின் ஓரம்வரை தசைநாண் மொத்தமும் அறுந்திருந்தால் அதை ‘முழு அகலமும்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கலந்து எழுதிய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, தைக்கவே முடியாத பெரிய கிழிசல் என்று நோயாளி பயந்துபோய் வருவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இருந்தது ஒரு சின்ன ஓட்டை.

கரோனலில் கண்டதைச் சஜிட்டலில் உறுதி செய்யுங்கள். வெளிப்புறத்திலிருந்து உள்ளே வந்தால் பெரிய முண்டின் மேல் கஃப் கறுப்புப் பட்டையாகப் படர்ந்திருப்பது தெரியும். பட்டை எங்கே அறுபடுகிறது, முன் ஓரம் மிஞ்சியிருக்கிறதா என்பதற்குச் சஜிட்டலே சாட்சி. பைசெப்ஸுக்கு ஒட்டிப் பின்னால் இருக்கும் முன் ஓர இழைகள் பளு தாங்குபவை. அவை மிஞ்சியிருக்கின்றனவா இல்லையா என்று கட்டாயம் எழுதுங்கள். இரண்டு தளங்களில் ஒன்றில் மட்டும் தெரியும் கிழிசலை உறுதியாக எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

பல கிழிசல்கள் ஒரே மட்டத்தில் அறுவதில்லை. மூட்டுப் பக்க அடுக்கு உள்ளே போய்விட, பர்சா பக்க அடுக்கு வெளியிலேயே நிற்கும், இரட்டை வேட்டியில் ஒரு மடிப்பு மட்டும் நழுவி மேலேறியது போல. இரண்டு அடுக்கும் எங்கே நிற்கின்றன என்று தனித்தனியாக அளக்க வேண்டும். வெளி அடுக்கை மட்டும் பிடித்துத் தைத்தால் உள் அடுக்கு சேராமலே போகும். தசைக்குள் நீண்ட நீர்க்கட்டி ஒன்று தெரிந்தால், அதன் வாலைப் பிடித்து வெளிப்பக்கம் வாருங்கள். பெரும்பாலும் இப்படிப்பட்ட அடுக்குக் கிழிசலில் போய் முடியும்.

6. கிழிசல் போலத் தெரிபவை

மேஜிக் ஆங்கிள்: தசைநாண் இழைகள் முதன்மைக் காந்தப் புலத்துக்கு 55 டிகிரி கோணத்தில் இருக்கும்போது, டிஇ (எக்கோ நேரம்) குறைந்த சீக்வென்ஸ்களில் பொய்யாக வெளுக்கும். சுப்ராஸ்பினேட்டஸ் ஒட்டுமிடத்திலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே வளையும் இடத்தில் இது சகஜம். பிடி (புரோட்டான் டென்சிட்டி) படத்தில் தெரிந்து, டிஇ நீண்ட டி2-இல் மறைந்துவிட்டால், தசைநாணும் தடிக்காமல் இருந்தால், விட்டுவிடலாம்.

ரொட்டேட்டர் இடைவெளி: சுப்ராஸ்பினேட்டஸின் முன் ஓரத்துக்கும் சப்ஸ்கேப்புலாரிஸின் மேல் ஓரத்துக்கும் நடுவில் இயற்கையாகவே இடைவெளி உண்டு. கரோனலின் மிக முன் ஸ்லைஸில் இதைப் பார்த்து முன் ஓரக் கிழிசல் என்று எழுதிவிடுவார்கள். சஜிட்டலைத் திறந்தால் அதற்குள் பைசெப்ஸ் போவது தெரியும்.

குருத்தெலும்பு: ஒட்டுமிடத்தின் உள் விளிம்பில் ஹியூமரஸ் தலையின் குருத்தெலும்பு தசைநாணுக்கு அடியில் கொஞ்சம் நீளும். ரிம்-ரென்ட் கிழிசலைப் போலவே தோன்றும். ஆனால் அதன் சிக்னல் சாம்பல், ஓரம் வழுவழுப்பு. நீரின் வெண்மை அதற்கு வராது.

பின்பக்கக் கட்டிகள்: இன்ஃப்ராஸ்பினேட்டஸ் ஒட்டுமிடத்துக்கு அருகில் குருத்தெலும்பு இல்லாத திட்டில் சின்னச் சின்ன எலும்புக் கட்டிகள் இருப்பது மிகச் சாதாரணம். அவற்றை மட்டும் வைத்துக் கிழிசல் என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: கிழிசல் இருந்தும் தெரியாதது. பழைய முழுத் தடிமன் கிழிசலில் வடுத்திசு வளர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். நீர் தெரியாது, தசைநாண் தொடர்ச்சியாக இருப்பது போலத் தோன்றும். அப்போது தசையும் தசைநாணும் சேரும் இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமாக அது ஹியூமரஸ் தலையின் உச்சிக்கு நேராக, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் வரும். நன்றாக உள்ளே தள்ளிப் போயிருந்தால் ‘தொடர்ச்சி’யை நம்பாதீர்கள்.

விழுந்து அடிபட்ட கேஸில் பெரிய முண்டின் டி1 படத்தைக் கட்டாயம் பாருங்கள். பைக்கிலிருந்து விழுந்து கையைத் தூக்க முடியாமல் வரும் இளைஞருக்கு கஃப் கிழிசல் என்றுதான் சீட்டில் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத, நகராத முண்டு முறிவு டி1-இல் கறுப்புக் கோடாக நிற்கும். சிகிச்சையே வேறு.

அதேபோல, சர்க்கரை நோயுள்ள நடுத்தர வயதினர் எல்லாத் திசையிலும் கையை அசைக்க முடியாமல் வந்தால் உறைதோளையும் தேடுங்கள். அக்குள் பக்கத்து மூட்டுறை 4 மி.மீ.க்கு மேல் தடித்திருப்பதும், கொரக்காய்டுக்கு அடியிலுள்ள கொழுப்பு முக்கோணம் அழிந்திருப்பதும் அடையாளங்கள். ‘கஃப் நார்மல்’ என்று மட்டும் ரிப்போர்ட் போனால் அந்த நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

7. அளவுகள்: எதை, எந்தப் படத்தில்

முன்–பின் அளவைச் சஜிட்டலில் எடுக்க வேண்டும். உள்வாங்கலைக் கரோனலில், ஒட்டுமிடத்தின் வெளி விளிம்பிலிருந்து தசைநாணின் நுனிவரை. மிக அதிகமாக உள்வாங்கியுள்ள ஸ்லைஸைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணோடு நுனி நிற்கும் இடத்தையும் எழுதுங்கள். பாட்டே வகைப்பாடு இதற்குப் போதும். ஒட்டுமிடத்துக்கு அருகில் என்றால் 1, ஹியூமரஸ் தலையின் மட்டத்தில் என்றால் 2, கிளீனாய்டு மட்டத்தில் அல்லது அதற்கும் உள்ளே என்றால் 3. உடல்வாகு ஆளுக்கு ஆள் மாறும், 25 மி.மீ. என்பது எல்லாருக்கும் ஒரே இடத்தைக் குறிக்காது. எலும்பை வைத்துச் சொன்னால் குழப்பம் இல்லை.

கிழிசலின் அளவுக்கு வழக்கத்தில் உள்ள பிரிவு: 1 செ.மீ.க்குக் கீழ் சிறியது, 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, 5க்கு மேல் மிகப் பெரியது. இரண்டு தசைநாண்கள் முழுதும் அறுந்தால்தான் மிகப் பெரியது என்று கொள்பவர்களும் உண்டு. இந்தச் சொல்லை எழுதினால் எத்தனை தசைநாண், எத்தனை செ.மீ. என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.

பகுதிக் கிழிசலுக்கு ஆழம் முக்கியம். எல்மன் பிரிவில் 3 மி.மீ.க்குக் கீழ் ஒன்று, 3 முதல் 6 வரை இரண்டு, 6க்கு மேல் மூன்று. கஃப் 10 முதல் 12 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் தரம் என்பது பாதிக்கு மேல் போய்விட்டது. ‘பாதிக்கு மேல்’, ‘பாதிக்குக் கீழ்’ என்ற இரண்டு சொற்கள்தான் ஆர்த்தோவுக்கு வேண்டியவை. தசம புள்ளி வைத்து 4.7 மி.மீ. என்று எழுதுவது வெறும் அலங்காரம். அந்தத் துல்லியம் இந்தப் படத்தில் கிடையாது.

8. மீதியுள்ளவை

இவற்றில் நேரத்தைக் கொட்ட வேண்டாம், ஆனால் தவறவும் விடக்கூடாது.

அக்ரோமியானை (கஃப்புக்கு மேலே கூரைபோல் நிற்கும் ஸ்கேப்புலாவின் நுனி) ஆக்ஸியலின் மேல் ஸ்லைஸ்களில் பார்த்து, ஒட்டாமல் தனித்து நிற்கும் துண்டு உண்டா என்று கவனியுங்கள். 25 வயதுக்குள் அது இன்னும் ஒட்டாத வளர்ச்சிப் பகுதியாக இருக்கலாம். அதன்பிறகு ஆஸ் அக்ரோமியாலே. எலும்பைச் சீவப் போகும் நிபுணருக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஏசி மூட்டுத் (அக்ரோமியானும் காறை எலும்பும் சேரும் மூட்டு) தேய்மானத்தைப் பொறுத்தவரை, எடிமா இருந்தால் எழுதுங்கள். வெறும் தேய்மானம் நடுத்தர வயதில் பலருக்கும் உண்டு. அக்ரோமியானுக்கும் ஹியூமரஸ் தலைக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்து, தலை மேலேறியிருந்தால் பழைய பெரிய கிழிசல் என்று பொருள். ஆனால் நோயாளி படுத்த நிலையில் எடுத்த படம் இது, எண் வேண்டுமானால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் அளப்பது நல்லது. பர்சாவில் கொஞ்சம் நீர் இருப்பதாலேயே கிழிசல் என்று ஆகிவிடாது.

9. ரிப்போர்ட் எழுதுவது

பார்த்த வரிசையிலேயே எழுத வேண்டியதில்லை. படிப்பவருக்கு எது முதலில் வேண்டுமோ அது முதலில். தசைநாண்கள், பைசெப்ஸ், தசை, பிறகு எலும்பும் மூட்டும்.

கற்பனையான ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 58 வயது ஆண், வலது தோள், எட்டு மாத வலி, கை மேலே தூக்க முடியவில்லை. ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். இங்கே உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன்.

*சுப்ராஸ்பினேட்டஸ்: முன் ஓரத்தைச் சேர்த்த முழுத் தடிமன் கிழிசல், முன்–பின் 22 மி.மீ. நுனி 18 மி.மீ. உள்வாங்கி ஹியூமரஸ் தலையின் மட்டத்தில், பாட்டே 2. மூட்டுப் பக்க அடுக்கு மேலும் 6 மி.மீ. உள்ளே. பின் ஓர இழைகள் ஒட்டியுள்ளன.*

*இன்ஃப்ராஸ்பினேட்டஸ்: டெண்டினோசிஸ், கிழிசல் இல்லை. டெரிஸ் மைனர்: இயல்பு.*

*சப்ஸ்கேப்புலாரிஸ்: மேல் விளிம்பில் மூட்டுப் பக்கப் பகுதிக் கிழிசல், மேல்–கீழ் 8 மி.மீ.*

*பைசெப்ஸ் நீண்ட தலை: பள்ளத்தின் உள் விளிம்பின் மேல் ஏறியுள்ளது, தடித்துள்ளது, அறுபடவில்லை.*

*தசை: சுப்ராஸ்பினேட்டஸ் கூட்டாலியே 2, டேஞ்சன்ட் சைன் இல்லை. மற்றவை 0 முதல் 1.*

இம்ப்ரெஷன் இதன் நகலாக இருக்கக்கூடாது. மூன்று வரி போதும்: நடுத்தர அளவிலான சுப்ராஸ்பினேட்டஸ் முழுத் தடிமன் கிழிசல், முன் ஓரம் போய்விட்டது, பாட்டே 2, தசை ஓரளவு நல்ல நிலை. சப்ஸ்கேப்புலாரிஸ் மேல் விளிம்புப் பகுதிக் கிழிசல், பைசெப்ஸ் நழுவத் தொடங்கியுள்ளது. எலும்பு முறிவு இல்லை. ஆபரேஷன் அறையில் தசைநாணை எலும்போடு பிடித்துக் கட்ட எத்தனை நங்கூரம் (ஆங்கர்) வேண்டும், பைசெப்ஸை என்ன செய்வது என்று திட்டமிட இது போதுமானது.

‘கிழிசல் இருக்கக்கூடும், மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிடவும்’ என்ற வரி எல்லா ரிப்போர்ட்டிலும் கிடக்கிறது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் எதனால் என்று எழுதுங்கள்: அசைவால் படம் கலங்கியது, வடுத்திசு நிரம்பியுள்ளது, டெண்டினோசிஸா ஆழமற்ற பகுதிக் கிழிசலா என்று பிரிக்க முடியவில்லை. பகுதிக் கிழிசல் சந்தேகம் சிகிச்சையை மாற்றும் என்றால் எம்ஆர் ஆர்த்ரோகிராம் எடுக்கச் சொல்லலாம்.

‘அறுவை சிகிச்சை தேவை’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 1995-இல் ஷெர் குழு வெளியிட்ட ஆய்வில், தோள் வலியே இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு கஃப் கிழிசல் இருந்தது. படத்தில் கிழிசல் தெரிவதால் வலியின் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் கையைப் பிடித்துப் பரிசோதிப்பவர்.

10. பழகும் முறை

ஆபரேஷன் முடிந்த கேஸ்களின் பட்டியலை ஆர்த்தோ துறையிடம் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் குறிப்பைப் படிக்காமல் முதலில் படத்தைப் பார்த்து, தசைநாண், முன்–பின் அளவு, பாட்டே, கூட்டாலியே, சப்ஸ்கேப், பைசெப்ஸ் என்று ஆறு பத்திகளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு குறிப்பைத் திறந்து ஒப்பிடுங்கள்.

அளவில் சில மி.மீ. வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம். உள்ளே கேமரா போட்டு, இறந்த திசுவைச் சீவி எடுத்த பிறகு அளப்பதால் கிழிசல் அங்கே பெரிதாகத்தான் தெரியும். சப்ஸ்கேப் பத்தியில் ‘இயல்பு’ என்று நீங்கள் எழுதி, அங்கே ‘கிழிசல், தைக்கப்பட்டது’ என்று இருந்தால் அந்தப் படத்தை மறுபடி திறங்கள். ஆக்ஸியலின் மேல் ஸ்லைஸ்கள், சஜிட்டலில் அதே மட்டம், பைசெப்ஸ் நிற்கும் இடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் இந்தப் பத்தியில்தான் பிழை அதிகம் வரும். வாய்ப்புக் கிடைத்தால் ஆர்த்தோஸ்கோப்பி நடக்கும்போது அறையில் நின்று பாருங்கள். அதற்கு முந்தைய நாளே உங்கள் ரிப்போர்ட்டை எழுதி முடித்திருக்க வேண்டும்.